வீட்டுக்கு ஒரு துவக்கு

எங்கள் வீட்டைக் கள்ளர் உடைத்த நேரம் நாங்கள் மூன்று பேரும் கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜெர்மனியில் எங்கள் ஆட்களின் கொண்டாட்டம் எல்லாம் சனிக்கிழமைதான். எந்தச் சனிக்கிழமை யார் வீட்டில் ஆள் இருக்காது என்பதை நாங்களே அழைப்பிதழ் அடித்து ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுவோம். யாரிடம் என்ன நகை இருக்கிறது என்பது போன கொண்டாட்டத்தின் டிவிடியில் பளிச்சென்று இருக்கும். கதவுத் திறப்பை மட்டும்தான் கள்ளனின் கையில் கொடுப்பதில்லை.

திரும்பி வந்தபோது பின்பக்கக் கண்ணாடிக் கதவு நெம்பித் திறந்து கிடந்தது. நிலவறைக்குள் இரண்டு மூட்டை பச்சரிசியும் நிலம் முழுக்கக் கொட்டுப்பட்டிருந்தது. நகையை அரிசிக்குள் புதைத்து வைப்பது எங்கள் பெண்களுக்கு மட்டும் தெரிந்த கெட்டித்தனம் என்று அதுவரை நினைத்திருந்தேன். வங்கியில் பெட்டகம் இருக்கிறதுதான். ஆனால் சனிக்கிழமை வங்கி பூட்டு. எங்களுக்கு நகை வேண்டியது சனிக்கிழமை. அதனால்தான் அரிசி. வந்த பொலிஸ்காரி அந்த அரிசியைப் பார்த்ததும் ஆச்சரியப்படக்கூட இல்லை. உங்கள் ஆட்களின் வீடுகளில் இப்படித்தான் கிடக்கும் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

நகை போனது ஒரு பக்கம். சாமி அறைக்குள் சப்பாத்தோடு நடந்திருந்தார்கள், கோதாரியில போவார். என் உள்ளுடுப்பு லாச்சியை இழுத்துக் கட்டிலில் கவிழ்த்திருந்தார்கள். யாரோ ஒருவனின் கை அதற்குள் எல்லாம் துழாவியிருக்கிறது. அவ்வளவையும் அள்ளிக் குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டினேன். அரிசியையும் அள்ளினேன். இவர் பின்னால் நின்று, "அரிச்சுப் பார்த்தா பாதி தேறும்" என்றார்.

"சப்பாத்து மிதிச்ச அரிசியிலை சோறு காய்ச்சித் தரட்டோ? திண்ணுவியளோ?" என்று கத்தினேன்.

இவர் என்று நான் சொல்வது என் கணவரை. பெயர் சொல்லிப் பழக்கமில்லை. பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மீன், மச்சம் மணக்கிற சட்டியைக்கூடக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. சண்டை பிடிக்கிற மனுசன் இல்லை. ஆனால் களவு போனதும் அவருக்குள் ஏதோ குழம்பிவிட்டது. போன தங்கத்தை விட, தன் வீட்டுக்குள் வேறொருவன் வந்து போனதுதான் அவரைத் தின்றது. அந்த அரியண்டம் எனக்கும் இருந்தது. நான் நிலத்தைக் கழுவினேன். அவர் கள்ளனைச் சுடத் துவக்கு வாங்க வெளிக்கிட்டார்.

அதற்குத் தூபம் போட்டது இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவருடைய கூட்டாளி. நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். ஊரில் ஆமி வருகிறதாம் என்று யாராவது சொன்னால் கிணற்றடி மதிலேறி முதலில் ஓடினவர் என்று அவருடைய மனைவியே சொல்லிச் சிரிப்பாள். அந்த ஆள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சோபாவில் இருந்துகொண்டு துவக்கு நிபுணர் ஆனார். எங்கிருந்தோ ஒரு தடித்த கட்டலொக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் என் வடையைத் தின்றுகொண்டு எண்ணெய் விரலால் படத்துக்குப் படம் தடவினார்கள்.

"ரெட்டைக்குழல் வேண்டாம்" என்றார் அண்ணை. "ரெண்டு வெடியோட சரி. பிறகு முறிச்சுத் திறந்து தோட்டா போடவேணும். அதுக்குள்ள கள்ளன் மேல்மாடிக்கு வந்திடுவான்."

"அப்ப அந்த முன்னுக்குப் பின்னுக்கு இழுக்கிறது?"

"நித்திரையால எழும்பின கை அதை இழுக்குமே? பாதி ஆட்டோமாட்டிக் தான் சரி, கேட்டியோ. ஒருக்கா விசையை அமத்தினா அடுத்த தோட்டா தானா ஏறி நிக்கும். பிறகும் அமத்தலாம். தோளிலையும் பெரிசா இடிக்காது."

தோளில் இடிக்காதாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தேத்தண்ணியைத் தலையில் ஊற்றியிருப்பேன். சுடுகிறவனின் தோள் நோகுமா என்று அரைமணித்தியாலம் ஆராய்ந்தார்கள். வெடி வாங்குகிறவனின் நெஞ்சு என்னவாகும் என்று ஒரு வார்த்தை இல்லை. பாரம் எவ்வளவு, மரப்பிடி நல்லதா பிளாஸ்ரிக் நல்லதா, இத்தாலிக்காரன் செய்ததா துருக்கிக்காரன் செய்ததா. முன்பு ஒரு கார் வாங்கவும் இதே சோபாவில் இதே குரலில்தான் கதைத்தார்கள். அதில் ஒரு சந்தோசம் வேறு. இரண்டு பேரின் முகமும் பளபளவென்று இருந்தது. சீ, என்ன பிறவிகள் என்று நினைத்தேன்.

"எல்லாம் போன பிறகு எதைக் காக்கப் போறியள்?" என்று கேட்டேன். "சோத்துப் பானையையோ?" என் கழுத்தில் கிடந்த தாலிக்கொடி மட்டும்தான் மிச்சம். தூரத்து ஆட்களின் சாமத்திய வீடு என்று அதை மட்டும் போட்டுக்கொண்டு போனதால் அது தப்பியது.

"உமக்கு இது விளங்காது, சும்மா இரும்" என்றார் இவர்.

லைசன்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போய், வீட்டுப் பாதுகாப்புக்குத் துவக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்தவர் முகத்தைப் பார்த்து, அது ஒரு காரணம் இல்லை, அதற்கெல்லாம் தருவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்த நாட்டுச் சட்டம் அப்படி. வேட்டைக்காரன் என்றால் தருவார்கள், குறி பார்த்துச் சுடும் சங்கத்தில் இருந்தால் தருவார்கள். சாதாரண மனிதன் கள்ளனுக்குப் பயம் என்று கேட்டால் தரமாட்டார்கள். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். அத்தோடு விடுவார் என்று நினைத்தேன். அண்ணை விடவில்லை. "அப்ப வேட்டைக்காரனா மாறு" என்றார். இந்த மனுசனும் போய் வேட்டைப் பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டு வந்தார்.

இலையுதிர் காலத்தில் தொடங்கிய படிப்பு பனிக்காலம் முழுக்க நடந்தது. அதுவும் எப்போது? வெள்ளிக்கிழமை பின்னேரம்! கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, திருநீற்றோடு நேராக அங்கே போவார். மானுக்கு எத்தனை பல், பன்றியின் கால்தடம் எப்படி, முயலுக்கு என்ன நோய் வருத்தம் வரும் என்று படிப்பார். அவருடைய ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன். புத்தக ஜெர்மன் விளங்காது. அதனால் எங்கள் மகள் மேசையில் இருந்து அவருக்குப் பாடம் கேட்பாள். முதலில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவளுக்கே எல்லாம் பாடமாகிவிட்டது. சட்டப் பகுதி விளங்காத இடத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அங்குள்ள கிழவிகளோடு கதைத்துக் கதைத்து என் ஜெர்மன் நன்றாக வளர்ந்திருந்தது. விருப்பமில்லாமல் நானும் அந்தக் கண்டறியாத புத்தகத்தை வாசிக்க வேண்டியதாயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை படிப்பு முடிந்து வந்தவர், முன் நடையிலேயே நின்றார். அன்று செத்த மான் ஒன்றைத் தொங்கவிட்டு வயிற்றைக் கீறிக் குடல் எடுக்கப் பழக்கியிருக்கிறார்கள். அவரோடு சேர்ந்து அந்த நாற்றமும் வீட்டுக்குள் வந்தது. இரத்தமும் புல்லும் புளித்த சாணமும் கலந்த ஒரு வாடை. கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. மானின் ஈரல், எனக்காம். குளிர்ப்பெட்டிக்குள் வைக்கப் போனார், என் பால் பக்கத்தில்.

"இஞ்சேருங்கோ, முருகனுக்குப் பூ வைக்கிற கையோ இது?" என்று கேட்டேன்.

"கையுறை போட்டுத்தான் செய்தனான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது. பையை வாங்கி வெளித் தொட்டிக்குள் எறிந்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அவர் குளித்துவிட்டு வந்து படுத்தார்.

துவக்கு வருவதற்கு முன்பே அதற்கு ஒரு இரும்பு அலுமாரி வந்தது. அது சட்டம். துவக்கை அதற்குள் பூட்டி வைக்க வேண்டும்; தோட்டாவை வேறாகப் பூட்ட வேண்டும்; திறப்பை வேறு யார் கையிலும் படாமல் ஒளித்து வைக்க வேண்டும். இரண்டு பேர் மூச்சு வாங்கி அதை எங்கள் படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். என் சீலைகள் தொங்கிய இடத்தில் அந்தச் சாம்பல் நிறச் சவம் நின்றது.

"கள்ளன் வந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "கொஞ்சம் இரும் தம்பி எண்டு சொல்லித் தேத்தண்ணி குடுத்து இருத்திப்போட்டு, நீங்கள் திறப்பைத் தேடுறதோ?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவருக்கும் வாயோரம் சிரிப்பு வந்தது. அப்படியே சிரிப்போடு போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சிரித்து முடிந்ததும் மகளைப் பார்த்துச் சொன்னார்:

"துவக்கு வந்தா அதைத் துடைக்கிறது, எண்ணெய் போடுறது எல்லாம் இவதான். பொம்பிளைப் பிள்ளையும் பழகவேணும். பிறகு அவவையும் படிப்பிச்சு லைசன்ஸ் எடுக்கலாம்."

"ஓம் அப்பா, நான் செய்யிறன்" என்றாள் அவள். கண் மின்னியது.

நான் அந்த அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

என் அப்பாவிடமும் ஒரு துவக்கு இருந்தது. தோட்டத்தில் வாழைக்குலை களவு போகிறது என்று அரசாங்கக் கச்சேரியில் பதிந்து லைசன்ஸ் எடுத்து வாங்கிய வேட்டைத் துவக்கு. அதால் அவர் ஒரு கள்ளனையும் சுடவில்லை. அது வந்த பிறகும் வாழைக்குலை போய்க்கொண்டுதான் இருந்தது. மாலையில் வௌவாலுக்கு வெடி வைப்பார், அவ்வளவுதான். அதைத் துடைத்து வைக்கிற வேலை என் அண்ணனுடையது. பழைய சாரத் துணியைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்து, தேங்காயெண்ணெய் பூசி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்ப்பான். அப்பாவுக்கு அதில் பெருமை.

பிறகு ஊரில் லைசன்ஸ் துவக்கு இருக்கிற வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடி இயக்கப் பொடியள் வந்த காலம். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். பட்டப்பகலில், மரியாதையாக. "ஐயா, உங்களிட்டை ஒரு துவக்கு கிடக்குதாம், தாங்கோ" என்றார்கள். அப்பா எடுத்துக் கொடுத்தார். வாங்கியவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்படிப் புதுசு போல ஆர் வைச்சிருக்கிறது என்று கேட்டான். என் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்ர மகன்தான்" என்றார்.

அவர்கள் இரண்டாம் தரம் வந்தபோது கேட்க எங்களிடம் துவக்கு இருக்கவில்லை. அண்ணனைக் கேட்டார்கள். துவக்குத் தெரிந்த பிள்ளை, எங்களோடு நிற்கட்டும் என்றார்கள். அவனும் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு போனான். போனவன்தான். உடம்பும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. எந்த நாளில் திவசம் செய்வது என்று தெரியாமலே என் அம்மா செத்துப்போனாள்.

என் அண்ணன் இயக்கத்தில் போய்ச் சேர்ந்து செத்தவன் என்பது மட்டும்தான் இவருக்குத் தெரியும். துவக்குத் துடைத்த கதையை நான் சொன்னதில்லை. சொன்னால் பழி என் அப்பாவின் தலையில் விழும். அன்றைக்குச் சொன்னேன். மகள் தன் அறைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "அது அங்க. இது ஜெர்மனி. நீர் தேவையில்லாமல் ரெண்டையும் போட்டுக் குழப்புறீர்" என்றார்.

கையை உதறினேன். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு அதற்கு முதல் வந்ததில்லை. ஜெர்மனியில் துவக்கு வேறு இரும்பாலா செய்கிறார்கள்? மகளிடமும் அடுத்த நாள் சொன்னேன். "பாவம் மாமா" என்றாள். ஆனால் பாடம் கேட்பதை நிறுத்தவில்லை. அப்பாவோடு அப்படி இருந்து கதைக்க அவளுக்கு அதுவரை ஒன்றும் கிடைத்ததில்லை. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

இளவேனிலில் சோதனை பாஸ் பண்ணினார். லைசன்ஸ் கையில் வந்ததும் ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் ரைன் நதியோரத்து ஒரு பட்டினத்தில் இருந்த கடைக்குப் போனோம். "கடைக்காரன் வேகமாக் கதைப்பான், நீரும் வாரும்" என்று என்னைக் கூட்டிப்போனார். சுவர் முழுக்கப் பன்றித் தலைகள், கண்ணாடிக் கண்களோடு. ஒன்றின் வாயைத் திறந்து பல் தெரிய ஒட்டியிருந்தார்கள். எண்ணெய் நாற்றம். 

கடைக்காரர் வயதானவர், நல்ல மரியாதை. எந்த மிருகத்துக்கு என்று கேட்டார். "காட்டுப்பன்றி" என்றார் இவர், பாடமாக்கியதை ஒப்புவிப்பது போல. பாதி ஆட்டோமாட்டிக்கில் மூன்று எடுத்து மேசை விரிப்பின் மேல் அடுக்கினார் அவர். வேட்டைக்கு என்றால் உள்ளே இரண்டு தோட்டாவுக்கு மேல் வைக்கக் கூடாது, சட்டம் என்று விளங்கப்படுத்தினார். இவர் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிக் கடையின் மூலையைப் பார்த்தார். அந்த மூலையில் நின்றது மகள். ஐயோ என்று அவளை இழுத்து என் பின்னால் விட்டேன். கடைக்காரரும் கையை நீட்டிக் குழலை நிலத்துக்குத் தாழ்த்தினார்.

"பாரம் குறைஞ்சது எது எண்டு கேளும்" என்றார் இவர். கேட்டுச் சொன்னேன்.

"குழல் கட்டையா வேற இருக்கோ எண்டு கேளும்." கேட்டேன்.

"எங்கட நடை ஒடுக்கம் தானே. அதுக்குள்ள திருப்ப எது சுகம் எண்டு கேளும்."

நான் வாயைத் திறக்கவில்லை. "காடு எண்டு சொல்லிக் கேளும், அப்பிடியே சொல்லாதையும்" என்றார் தமிழில், கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி. பிறகு ஒரு தோட்டாவைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இன்னொன்று கேட்டார்:

"எந்தச் சன்னம் போட்டா சுவரைத் துளைச்சு மகளின்ர அறைக்குள்ள போகாது எண்டு கேளும்."

சீ. அந்தக் கேள்வியை அவர் எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்! மகள் என் பின்னால் நிற்கிறாள். அவளுடைய சுவரைத் துளைக்குமா துளைக்காதா என்று சாமான் விசாரிக்கிறார், மீன் புதுசா என்று கேட்கிறதுபோல. எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அருவருப்பு மட்டும் மிஞ்சியது.

நான் கடைக்காரரைப் பார்த்து, நல்ல ஜெர்மனில், ஆறுதலாகச் சொன்னேன். இவர் காட்டுக்குப் போகப் போவதில்லை. எங்கள் வீட்டை உடைத்தார்கள். திரும்ப யாராவது வந்தால் நடையில் வைத்துச் சுட இவருக்கு இது வேண்டும். குழல் நடைக்குள் திரும்ப வேண்டும். சன்னம் சுவரைத் துளைத்து எங்கள் மகள் மேல் படக் கூடாது. எது நல்லது என்று கேட்கிறார்.

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. "ஆட்களுக்கா?" என்று கேட்டார்.

"ஆட்களுக்குத்தான்" என்றேன்.

அவர் மூன்று துவக்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் தட்டில் வைத்துப் பூட்டினார். இவருடைய கையில் இருந்த தோட்டாவையும் கேட்டு வாங்கினார். உங்களுக்கு நான் எதையும் விற்க மாட்டேன், இதை அலுவலகத்துக்கும் அறிவிக்க வேண்டி வரும் என்றார். அறிவிப்பார் என்று எனக்குத் தெரியும். அறிவித்தால் லைசன்ஸைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதும் தெரியும். பனிக்காலம் முழுக்க வாசித்த புத்தகத்தில் அது இருந்தது.

காருக்குள் ஏறி மூன்று கதவையும் சாத்தினோம். இவர் ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தார்.

"என்ர மானத்தை வாங்கிப்போட்டியே! ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால என்னைக் கொலைகாரன் ஆக்கிப்போட்டியே!" எங்கள் இருபது வருசத்தில் என்னை அவர் நீ என்றது அன்றுதான்.

"நீங்கள் கேட்டதைத்தான் சொன்னனான். ஒரு சொல்லுக் கூட்டேல்லை, குறைக்கேல்லை."

"நாளைக்குத் திரும்பக் கள்ளன் வந்தா என்னடி செய்வாய்? சொல்லு! என்ன செய்வாய்?"

கண்ணாடியில் பார்த்தேன். மகள் பின் இருக்கையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவைத் திறந்து விடுவன்" என்றேன். "தாலிக்கொடியையும் கழட்டிக் குடுப்பன். கள்ளன் நகையைத்தான் கேப்பான். பிள்ளையைக் கேக்கமாட்டான்."